அரைவட்டமாய் வெட்டிய இலைகள்

நம் வகுப்புக் குழுவில் போன கிழமை ஒருத்தி படம் போட்டிருந்தாள். சாடியில் ஒரு ரோசாச் செடி. நாலு தண்டு, அதில் எண்ணி ஒன்பது இலை. "இலையே வருதில்ல, என்ன செய்யலாம்?" என்று கேட்டிருந்தாள். பத்து நிமிடத்துக்குள் நீங்கள் எல்லாரும் வைத்தியராகிவிட்டீர்கள். ஒருவன் வெயில் போதாது என்றான். ஒருத்தி வாழைப்பழத் தோலைப் புதைக்கச் சொன்னாள். கனடாவில் இருப்பவன் கடையில் விற்கும் ஏதோ மருந்தின் படத்தை அனுப்பினான்.

நானும் எழுதத் தொடங்கினேன். ஊற்றுகிற தண்ணீரை முதலில் நாக்கில் வைத்துப் பார் என்று எழுதினேன். பிறகு இலையின் ஓரத்தைப் பார், அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார் என்று எழுதினேன். பிறகு எல்லாவற்றையும் அழித்துவிட்டேன். ரோசாவுக்கு இலை இல்லாமல் போவதைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரே ஆண்டில் தெரிந்துகொண்டது. நாம் ஐந்தாம் வகுப்பில் இருந்த ஆண்டு, சுனாமியில் கடல் ஊருக்குள் வந்ததற்கு அடுத்த ஆண்டு. அதைச் சொல்லப்போனால் இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அந்த ஆண்டு நம்மோடு படித்த ஒரு பிள்ளை மூன்று கிழமை பள்ளிக்கூடம் வரவில்லை. புலமைப்பரிசில் பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. அவள்தான் வகுப்பில் முதலாவது. ஏன் வரவில்லை என்று நீங்கள் என்னிடம்தான் கேட்டீர்கள், அவள் எங்கள் வளவில் இருந்ததால். தன் தாய்மாமன் வீட்டுக்குப் போய்விட்டாள் என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் ஏன் போனாள் என்பதை இவ்வளவு காலமும் நான் உங்களுக்குச் சொல்லவில்லை.

எங்கள் வீடு உங்களுக்கு நினைவிருக்கும். கடலுக்கும் வாவிக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடக்கிற நிலத்தில், வாவிப் பக்கமாக. முன்வளவில் அப்பாவின் ரோசாக்கள் ஒன்பது. அப்பா நமக்குக் கணக்குப் படிப்பித்தவர்; வீட்டிலும் அவர் கணக்குச் சேர்தான். முதல் நியமனத்தில் மலைநாட்டில் படிப்பித்தபோது வெட்டிய தண்டுகளை ஈரச் சாக்கில் சுற்றி, மடியில் வைத்து, பஸ்ஸில் கொண்டுவந்து நட்டவர். ஒவ்வொரு சனி மாலையும் ஞாயிறு ஆராதனைக்கு அவரே பூ வெட்டுவார். அம்மாவுக்கும் எனக்கும் ஒரு பூவைக்கூடத் தொட அனுமதி இல்லை.

கடல் வந்த ஞாயிறு நாங்கள் பாலத்துக்கு அப்பால், டவுனில், சேர்ச்சில் இருந்தோம். அதனால் தப்பினோம். மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தபோது மதில் விழுந்திருந்தது. சுவரில் ஜன்னல் உயரத்துக்கு ஒரு சேற்றுக் கோடு. கிணற்றுக்குள் யாருடையதோ பிளாஸ்டிக் கதிரை. தண்ணீர் வீட்டைக் கடந்து வாவிக்குள் இறங்கிப் போயிருந்தது. ஆனால் ரோசா ஒன்பதும் நின்றன. அப்பா ஒவ்வொன்றாய்த் தொட்டுப் பார்த்தார்.

"ஒண்டும் போகல்ல," என்றார்.

தை மாதம் பள்ளிக்கூடம் தொடங்கியது. அப்பா இடாப்பைத் திறந்து பெயர் கூப்பிட்டது உங்களுக்கு மறந்திருக்காது. பதில் வராது என்று தெரிந்த பெயர்களையும் ஒரு கிழமை முழுக்க விடாமல் கூப்பிட்டார். கூப்பிட்டுவிட்டு, பதிலுக்கு நிற்பதுபோல் கொஞ்சம் நின்று, அடுத்ததற்குப் போவார். ஒரு நாள் அதிபர் வந்து அவர் கையிலிருந்த இடாப்பை மெதுவாக வாங்கி, புதிய இடாப்பைக் கொடுத்தார்.

அதே நாட்களில்தான் ரோசா இலைகள் கருகத் தொடங்கின. நெருப்பில் காட்டி எடுத்த கடதாசி மாதிரி ஓரம் மண்ணிறமாகும், சுருளும், தொட்டால் விழும். தை முடியும்போது ஒன்பது செடியும் வெறும் முள்ளும் தண்டும். அப்பா ஒரு சி.ஆர். கொப்பியில் கோடு போட்டு, ஒரு பக்கம் காரணம், மறுபக்கம் செய்த வேலை என்று எழுத ஆரம்பித்தார். கிணற்றுத் தண்ணீரை வாயில் விட்டுத் துப்பிவிட்டு முதல் வரியை எழுதினார்: உப்பு.

கிணற்றை இறைத்தார்கள். ஊறியதும் உப்பு. மறுபடி இறைத்தார்கள். மறுபடியும் உப்பு. அந்தச் சுவை இன்னும் என் பல்லில் இருக்கிறது, தேத்தண்ணீர்கூட கரித்தது. குடிக்கிற தண்ணீர் பவுசர் லொறியில் வரும். வீதியில் வாளிகளும் கேன்களும் வரிசையில் நிற்கும். அந்த நல்ல தண்ணீரை ரோசாவுக்கு ஊற்றினால் ஊர் காறித் துப்பும் என்று அம்மா சொல்லிவிட்டார். அதனால் அரிசி கழுவிய தண்ணீர், முகம் கழுவிய தண்ணீர், கோப்பை அலசிய தண்ணீர் எல்லாம் ஒரு பேசினில் சேர்ந்து ரோசாவுக்குப் போனது. சவர்க்காரம் போட்டு முகம் கழுவினால் அப்பா கத்துவார்.

விவசாயப் போதனாசிரியர் ஒரு நாள் மோட்டார் சைக்கிளில் வந்து மண்ணைக் கிண்டிப் பார்த்தார்.

"வேர் சாகல்ல சேர். மேல்மண்ண வழிச்சு எடுத்துப்போட்டு ஆத்து மண்ணும் மாட்டெருவும் போடுங்க. மழை வந்து கழுவினாச் சரி."

சித்தாண்டிப் பக்கமிருந்து ஒரு லான்ட்மாஸ்டர் உழவு மெசினில் எரு வந்தது. வளவு முழுக்கத் தொழுவ மணம். மாசி மழை இரண்டு தடவை நன்றாகப் பெய்தது. பங்குனியில் ஒரு காலை, தண்டின் கணுவில் அரிசி அளவு சிவப்பாய் முளை. அப்பா என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். கடல் வந்த பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

இப்போது டென்ட். எங்கள் பின்வளவில், வாவியைப் பார்த்தபடி, நிவாரணத்தில் கொடுத்த ஒரு வெள்ளை டென்ட் தை மாதமே வந்துவிட்டது. அதில் இருந்தது கடற்கரையில் வீடு இழந்த ஒரு மீன்பிடிக் குடும்பம். நான் மாமா, மாமி என்று கூப்பிட்ட தகப்பனும் தாயும், நம் வகுப்புப் பிள்ளையும். கடல் வந்த காலை மாமா தூரக் கடலில் இருந்தார். ஒன்றும் தெரியாமல் வள்ளத்தைத் திருப்பிக்கொண்டு வந்தவருக்குக் கரையில் ஊர் இருக்கவில்லை. மாமியும் மகளும் கோயில் கூரையில் ஏறித் தப்பியிருந்தார்கள். அவளுக்கு ஒரு தம்பி இருந்தான். நிவாரணப் பட்டியலில் இன்னும் நாலு பேர் என்று இருந்ததால் நாலு பாய் கொடுத்திருந்தார்கள். நாலாவது பாயை அவர்கள் விரிக்கவே இல்லை. சுருட்டினபடி டென்டின் மூலையில் நின்றது.

டென்டின் நடு தொய்ந்ததால் மாமா ஒரு மூங்கில் தடியை வெட்டி, வாசல் பக்கம் முட்டுக் கொடுத்திருந்தார். பகலில் அதற்குள் இருக்க முடியாது, அடுப்பு மாதிரி கொதிக்கும். மாமா இரவல் வள்ளத்தில் வாவிக்குப் போய்விடுவார், மாமி வீதி துப்புரவு வேலைக்கு, நாங்கள் இருவரும் பள்ளிக்கு. மாலையில் அப்பா எங்கள் குசினி மேசையில் எங்கள் இருவருக்கும் கணக்குக் கொடுப்பார். அவள் என்னைவிட வேகம். நான் இரண்டாவது கணக்கில் இருக்கும்போது அவள் கொப்பியைத் திருப்பி வைத்துவிட்டு, பையிலிருந்து கத்தரிக்கோலை எடுப்பாள்.

அந்தக் கத்தரிக்கோல்! செம்மஞ்சள் பிடி, மழுங்கிய நுனி. நிவாரணப் பையில் அவளுக்குக் கிடைத்தது. எனக்குக் கிடைத்த பையில் அது இல்லை. பழைய பேப்பர், பிஸ்கட் பெட்டி, எதுவானாலும் வெட்டுவாள். மீன், வள்ளம், வட்டம், வட்டத்துக்குள் வட்டம். நான் கேட்டால் தருவாள், ஆனால் பக்கத்திலேயே நின்று உடனே திருப்பி வாங்கிக்கொள்வாள். எனக்கு எரியும். அப்பா அவள் கொப்பியில் போடும் பெரிய சரி அடையாளத்தைப் பார்த்தாலும் எரியும். பத்து வயதில் அந்த எரிச்சலுக்குப் பெயர் தெரியவில்லை, இப்போது தெரியும்.

சித்திரைப் புதுவருசம் கழிந்து, ரோசாக்களில் இளம் இலை பிடிக்கத் தொடங்கியிருந்த நேரம். ஒரு காலை அப்பா ஒரு இலையைக் கிள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். இலையின் ஓரத்தில் அரைவட்டமாய் ஒரு துண்டு இல்லை. அடுத்த நாள் ஏழெட்டு இலையில் அப்படி. அதற்கடுத்த நாள் இன்னும் கூட.

"பூச்சி அரிச்சா பிசிறு இரிக்கும்," என்று அம்மாவுக்கு விளக்கினார். "இதப் பாரு. கொம்பாஸ் வைச்சுக் கீறின மாதிரி. பூச்சிக்கு இவ்வளவு வட்டம் தெரியா."

கொப்பியில் புதிய வரிகள் ஏறின. புழு: இல்லை. வெட்டுக்கிளி: இல்லை. நத்தை: விடியப் பார்த்தாயிற்று, இல்லை. ஆடு: மதில் கட்டியாயிற்று. வேப்பெண்ணெய் தெளித்தார். சவர்க்காரத் தண்ணீர் தெளித்தார். வெட்டு நிற்கவில்லை. நாலு மாதம் முகம் கழுவிய தண்ணீரைக் காப்பாற்றி வளர்த்த இலைகள். கடைசி வரியில் "மனிசர்" என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார்.

என்னைக் கூப்பிட்டார்.

"மகள், நீ வெட்டினியா?"

"இல்லப்பா."

"உண்மையா?"

"உண்மையா இல்ல." அதோடு நிறுத்தியிருக்கலாம். அவர் வேறு எதுவும் கேட்கவில்லை. "அவளிட்டத்தான் கத்தரிக்கோல் இரிக்கு," என்றேன்.

அன்று மாலை அப்பா பின்வளவுக்குப் போனார். நான் பின்னால் போனேன். மாமி அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார், அவள் டென்ட் வாசலில் இருந்து படித்துக்கொண்டிருந்தாள். அப்பா குனிந்து பார்த்தார். அவளுடைய பாய்க்குப் பக்கத்தில், மூங்கில் தடியின் அடியில், மண்ணில் பச்சையாய்ச் சிறு துண்டுகள் கிடந்தன. பொறுக்கி உள்ளங்கையில் வைத்தார். ரோசா இலை. வட்டமாய் வெட்டியது.

"இது என்ன மகள்?"

அவள் எழும்பி நின்றாள். "தெரியா சேர்."

"உங்கட பாயடியில கிடக்கு."

"நான் வெட்டல்ல சேர்."

"அப்ப இது எப்பிடி இஞ்ச வந்த?"

அவளுக்கு எப்படித் தெரியும்? மாமி அடுப்பை விட்டு வந்தார். "சேர், அவள் இல்லெண்டா இல்ல. அவள் பொய் சொல்ல மாட்டாள்."

"நான் அடிக்கவோ ஏசவோ வரல்ல," என்றார் அப்பா. "உண்மையச் சொன்னாப் போதும்."

அவர் குரலை உயர்த்தவே இல்லை. வகுப்பில் பிழை விட்ட பிள்ளையிடம் பேசும் அதே குரல். அதுதான் இன்னும் மோசமாக இருந்தது. அப்போது மாமா வாவியிலிருந்து ஏறி வந்தார், இடுப்பளவு நனைந்து, கையில் மீன் கோர்வையோடு. மாமி சொல்லச் சொல்லக் கேட்டார். மகளைப் பார்த்தார், அப்பாவின் கையைப் பார்த்தார். மீனை மண்ணில் வைத்துவிட்டு, அவள் பையைத் திறந்து கத்தரிக்கோலை எடுத்து, கரைக்குப் போய், கை வீச்சில் வாவிக்குள் எறிந்தார். தூரத்தில் ஒரு சின்னச் சத்தம்.

"இனி வெட்ட மாட்டாள் சேர்," என்றார்.

அன்று அவள் கணக்குக்கு வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. மூன்றாம் நாள் காலை டென்டில் யாரும் இல்லை. பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார்கள், வாசலைக் கூட்டியிருந்தார்கள். பாய்களை மட்டும் கொண்டு போயிருந்தார்கள், நாலையும். வெல்லாவெளியில் மாமியின் அண்ணன் வயல் செய்கிறார், அங்கே போய்விட்டார்கள் என்று பக்கத்து வீட்டார் சொன்னார்கள்.

அன்றிலிருந்து அம்மா முகம் கழுவிய தண்ணீரை வாழையடியில் ஊற்றினார். அப்பா பார்க்கும்படிதான் ஊற்றினார். வகுப்பில் நான் முதலாவதாக வந்தேன். நீங்கள் அவளைப் பற்றிக் கேட்டபோதெல்லாம் தாய்மாமன் வீடு, தாய்மாமன் வீடு என்றேன்.

ரோசா இலைகளில் வெட்டு நிற்கவில்லை. அது அப்பாவின் கண்ணிலும் பட்டிருக்கும். ஆனால் கொப்பியை அவர் திறக்கவில்லை. அந்த நாட்களில் அவர் முன்வளவால் போகும்போது ரோசாப் பக்கம் திரும்பாமல் போனார்.

இரண்டு கிழமை கழித்து ஒரு சனிக்கிழமை. கிராம சேவகர் டென்டைத் திருப்பித் தரச் சொல்லி ஆள் அனுப்பியிருந்தார். அம்மாவும் நானும் உச்சி வெயிலில் கயிறுகளை அவிழ்த்தோம். துணி விழுந்தது. அம்மா மூங்கில் தடியைப் பிடுங்கி, கொடிக்கு ஆகும் என்று தோளில் சாய்த்தார். தடியின் மேல்துளையிலிருந்து காய்ந்த இலைத் துண்டு இரண்டு அவர் கழுத்தில் விழுந்தது. தடியைத் தலைகீழாகப் பிடித்துத் தரையில் தட்டினார். உள்ளே இருந்து பச்சையாய் ஒன்று வழுக்கி வந்தது. சுருட்டு மாதிரி, விரல் நீளம். ரோசா இலைத் துண்டுகளை ஒன்றன் மேல் ஒன்றாய்ச் சுற்றிச் செய்த சுருட்டு.

நாங்கள் அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது வந்தது. தேனீ மாதிரி, கொஞ்சம் தடித்தது, கறுப்பு. வயிற்றுக்கு அடியில் ஒரு வட்ட இலைத் துண்டைக் கட்டிப்பிடித்திருந்தது. தடி நின்ற இடத்துக்கு நேரே வந்து, அந்தரத்தில் நின்றது. தடி இல்லை. சுற்றியது. மறுபடியும் அதே உயரத்துக்கு, அதே இடத்துக்கு வந்து நின்றது.

அம்மா வீட்டுப் பக்கம் திரும்பிக் கூப்பிட்டார்.

"இஞ்சேருங்க! கெதியா வாங்க. வந்து பாருங்க உங்கட கள்ளிய."

அப்பா சாரத்தைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். பூச்சி இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. அதன் பிடியில் இருந்த பச்சை வட்டத்தை அவர் பார்த்தார். அம்மா கையில் இருந்த சுருட்டைப் பார்த்தார். வெயிலில் அப்படியே நின்றார். பூச்சி களைத்துப்போய் இலைத் துண்டை விட்டுவிட்டுப் பறந்தது. துண்டு அப்பாவின் காலடியில் விழுந்தது. அவர் அதை எடுக்கவில்லை.

கனநேரம் கழித்து, "வெள்ளைச் சேட் தோச்சுக் கிடக்கா?" என்று கேட்டார்.

அடுத்த சனிக்கிழமை அப்பாவும் நானும் வெல்லாவெளிக்குப் போனோம். குருமண்வெளி வரை பஸ். அங்கிருந்து வாவியைக் கடக்கப் பாதை. சைக்கிள், மாடு, மனிதர் எல்லாரையும் ஏற்றிக்கொண்டு மெல்ல மிதந்து போகிற அந்த மிதவையைத்தான் எங்கள் பக்கத்தில் பாதை என்போம். அக்கரை அப்போது இயக்கத்தின் கட்டுப்பாட்டில் இருந்தது. ஏறும் முன் ஆமிக்காரர் பைகளைத் திறந்து பார்த்தார்கள். அப்பாவின் பையில் ஒரு தகர பிஸ்கட் ரின். அதற்குள் அறுத்தெடுத்த மூங்கில் துண்டு, அதற்குள் இலைச் சுருட்டு.

"என்ன இது?" என்றார் ஒரு ஆமிக்காரர்.

அப்பா தனக்குத் தெரிந்த சிங்களத்தில் விளக்கினார். அவருக்குப் பிடிபடவில்லை. மூங்கிலைத் தூக்கி ஒரு கண்ணால் உள்ளே பார்த்தார். சரியாக அந்த நேரம் பார்த்து பூச்சிக் குஞ்சு ஒன்று பொரித்து வெளியே ஊர்ந்து வந்து அவர் மூக்கடியில் சிறகு உதறியது. அவர் இரண்டடி பின்னால் போனார். "போங்க, போங்க," என்றார். வரிசையில் நின்ற சனம் சிரித்தது. அப்பாகூடச் சிரித்தார்.

பாதை நடு வாவிக்கு வந்தபோது நான் சொன்னேன். "அப்பா, கத்தரிக்கோல் எண்டு நான்தான் சொன்னன்."

அவர் தண்ணீரைப் பார்த்தபடி நின்றார். "ஓம். நீ கத்தரிக்கோல் இரிக்கெண்டு சொன்ன. வெட்டினாள் எண்டு சொன்னது நான்." என் பக்கம் திரும்பி, "உன்ட பங்க நீ அவளிட்டச் சொல்லு. என்ட பங்க நான் சொல்றன்," என்றார்.

மாமியின் அண்ணன் வீடு வட்டைக்குப் பக்கத்தில் இருந்தது. வட்டை என்றால் அந்தப் பக்கம் கண்ணுக்கு எட்டிய தூரம் பரந்த வயல். முற்றத்தில் நெல் காய்ந்தது. அவள் காலால் நெல்லைத் துழாவிக்கொண்டிருந்தாள். எங்களைக் கண்டதும் அசையாமல் நின்றாள். உள்ளே இருந்து மாமா, மாமி, அந்த அண்ணன், அவர் மனைவி, பிள்ளைகள் எல்லாரும் வந்துவிட்டார்கள். கதிரை போட்டார்கள். அப்பா இருக்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு நெல்லின் ஓரத்தில் நின்று, பெரியவர்களை விட்டுவிட்டு நேரே அவளைப் பார்த்துப் பேசினார்.

"மகள், நீங்க வெட்டல்ல. நான் விசாரிக்காமப் பழி சொல்லிப்போட்டன். என்னில பிழை. மன்னிச்சுக்கொள்ளுங்க."

ஒரு சேர், எல்லாருக்கும் முன்னால், பத்து வயதுப் பிள்ளையிடம். அங்கே யாருக்கும் எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. அவர் ரின்னைத் திறந்து காட்டினார். எப்படிக் கண்டோம், பூச்சி எப்படி இலையோடு வந்து சுற்றியது என்று எல்லாவற்றையும் சொன்னார்.

மாமிதான் முதலில் வாய் திறந்தார். அழவில்லை. "சேர், ஒரு புள்ளயக் கடல் கொண்டு போயிற்று. மத்தப் புள்ளயக் கள்ளியெண்டா நாங்க என்னத்த வைச்சுக்கொண்டு அந்த வளவில இரிக்கிற?"

அப்பா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். இப்போது நினைத்துப் பார்க்கும்போது, அன்று அவர் செய்ததிலேயே சரியானது அதுதான் என்று படுகிறது: பதில் தேடாமல் நின்றது.

அவள் நெல்லைச் சுற்றி வந்து ரின்னுக்குள் எட்டிப் பார்த்தாள். "இதுக்குள்ள குஞ்சு இரிக்கா சேர்?"

"ஓம். இன்னும் ரெண்டு மூண்டு வரும்."

"அப்ப ஏன் ரின்னுக்க அடைச்ச? மூச்சு முட்டும்தானே?"

ரின்னைத் தானே வாங்கிக்கொண்டு போய், மூங்கிலை எடுத்து வேலியில் நிழல் பார்த்துச் செருகினாள். மாமாவின் முகம் அப்போதுதான் கொஞ்சம் இளகியது. அப்பா சேட் பையிலிருந்து டவுனில் வாங்கிய புதுக் கத்தரிக்கோலை நீட்டினார். அவள் தகப்பனைப் பார்த்தாள். அவர் தலையசைத்த பிறகுதான் வாங்கினாள்.

"சாப்பிட்டுட்டுப் போங்க சேர்," என்றார் மாமா.

குளத்து மீன் ஆணமும் சோறும், பிறகு எருமைத் தயிரும் சீனியும். அந்தத் தயிர் மாதிரி நான் பிறகு எங்கும் சாப்பிடவில்லை. சட்டியைக் கவிழ்த்தாலும் விழாது. சாப்பிடும்போது வீட்டுக்காரரான அண்ணன் பகிடியாகச் சொன்னார், "மச்சான் வட்டைக்க இறங்கினா வரம்பே உடையுது சேர்." மாமா சிரித்தார். "எத்தின பாகம் ஆழத் தண்ணியெண்டாலும் பயமில்ல. இந்தச் சேறுதான் என்ட காலுக்குப் புரியுதில்ல," என்றார்.

வேலியடியில் நான் அவளிடம் என் பங்கைச் சொன்னேன்.

"தெரியும்," என்றாள்.

"எப்பிடி?"

"என்ட கத்தரிக்கோலில வேற ஆருக்குக் கண்? நீதானே ஒவ்வொரு நாளும் கேட்ட."

பிறகு அவள் கணக்குக் கொப்பியைக் கொண்டு வந்தாள். மூன்று கிழமையும் தானாகவே செய்திருந்தாள். அப்பா தயிர்க் கையைக் கழுவிவிட்டு, அங்கேயே இருந்து எல்லாவற்றையும் திருத்தினார்.

அடுத்த கிழமை அவர்கள் வந்தார்கள். கிராம சேவகரோடு கதைத்து டென்டை மறுபடி வாங்கி, அப்பாவே கயிறு கட்டினார். கொப்பியில் "மனிசர்" என்ற வரியை வெட்டினார். பூச்சியை ஒன்றும் செய்யவில்லை. உண்மையில் அது எடுத்தது மிகக் கொஞ்சம். உப்பால் இலை அற்றுப்போயிருந்ததால்தான் அந்தக் கொஞ்சமும் கண்ணைக் குத்தியது. ஆவணி பிறக்கும்போது செடிகள் நிறைந்துவிட்டன. அப்போது வெட்டு இருந்ததா என்று தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது.

பரீட்சையில் அவள் சித்தியடைந்தாள். நான் சில புள்ளியில் தவறினேன். அது உங்களுக்குத் தெரியும். அன்று நான் அழுதேன், மாமி என்னை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டார். வேறு யார் மடியிலும் அன்று அழுதிருக்க முடியாது.

அவர்களுக்கு அடுத்த ஆண்டு கடற்கரைப் பக்கம் வீடு கிடைத்தது. டென்ட் போனது. இதோடு கதை முடிந்தது என்றுதான் நாங்களும் நினைத்தோம்.

நாம் ஏழாம் வகுப்பில் இருந்தபோது வாவிக்கு அக்கரையில் சண்டை தொடங்கியது. நாள் முழுக்க ஷெல் சத்தம். சனம் பாதையிலும் தோணியிலும் நடையிலும் இக்கரைக்கு வந்துகொண்டிருந்தது. ஒரு மத்தியானம் எங்கள் கேற்றில் ஒருவர் நின்றார். தோளில் ஒரு மூட்டை, பின்னால் மனைவி, பிள்ளைகள், வயதான இருவர், அயலவர் குடும்பம் ஒன்று, மொத்தம் பதினொரு பேர். மாமியின் அண்ணன். எங்களை அவர் ஒரே ஒரு நாள்தான் பார்த்திருந்தார்.

"தங்கச்சி வீட்டில இடமில்ல சேர்," என்றார். "வேற ஆரையும் எங்களுக்குத் தெரியா. உங்கட முகம்தான் ஞாபகம் வந்த."

"வாங்க," என்றார் அப்பா. "எல்லாரும் உள்ளுக்கு வாங்க."

பின்வளவில் அதற்குள் கோழிக்கூடும் புதுக் கழிவறையும் வந்திருந்தன. கொட்டில் போட முன்வளவில் மட்டும்தான் இடம். அப்பா மண்வெட்டியை எடுத்து ரோசாக்களிடம் போனார். அம்மா பதறினார்.

"இந்த வெயிலுக்க கிளப்பினாப் பட்டுப்போயிரும்."

"படட்டும்," என்றார் அப்பா. நாலு செடியைக் கிளப்பி மதிலோரம் வைத்துவிட்டு, குழிகளை மிதித்து மட்டமாக்கினார். அவளும் மாமாவும் கிடுகும் கயிறும் கொண்டு ஓடி வந்தார்கள். பொழுது சாய்வதற்குள் கூரை ஏறிவிட்டது. அம்மாவும் மாமியும் பெரிய பானையில் சோறு வடித்தார்கள். தட்டு போதாமல் நாங்கள் இருவரும் வாழையிலை வெட்டி வந்தோம்.

சாப்பிட்டு முடித்த பிறகு அந்த அண்ணனின் கடைசிப் பையன் அப்பாவிடம் வந்து நின்றான். வந்ததிலிருந்து அவன் வாயே திறக்கவில்லை.

"சேர், நாளைக்கு இஞ்ச பள்ளிக்கூடம் இரிக்கா?"

"ஓம் மகன். ஏழரைக்கு. நானே கூட்டிக்கொண்டு போறன்."

அவனைத்தான் மறுநாள் அப்பா நம் வகுப்பு வாசலில் கொண்டுவந்து விட்டார், தன் பழைய வெள்ளைச் சேட்டை அவனுக்கு மாட்டிவிட்டு, வெறுங்காலோடு. அவன் யாரென்று நீங்கள் யாரும் கேட்கவில்லை. கடைசி வாங்கில் இருந்தவர்கள் நெருங்கி இருந்து இடம் விட்டீர்கள். இடைவேளையில் உங்களில் யாரோ ஒருவர் தன் பணிசில் பாதியைப் பிய்த்து அவன் கையில் கொடுத்தார். யார் என்று எனக்குத் தெரியவில்லை, நான் வாசலில் நின்று பார்த்தபோது கை மட்டும்தான் தெரிந்தது.